பிடிக்குள் இருக்கும் துருவைத் தொடாதீர்கள்: ஏல நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏல நிறுவனத்தாருக்கு,

வணக்கம். சென்ற மாத ஏலத்தில் தாங்கள் விற்ற ஜப்பானிய வாளைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு கடிதங்கள் எழுதினேன். தங்கள் நிறுவனத்தின்மீது நான் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி என்று முதல் கடிதத்துக்குப் பதில் வந்தது. இரண்டாவதற்கும் அதே பதில், ஒரு எழுத்துகூட மாறாமல் வந்தது. உங்கள் மொழியில் எழுதிப் பயனில்லை என்று ஆன பிறகு, என் மொழியில், நாலு பேர் படிக்கும்படி எழுதிவிடலாம் என்று துணிந்தேன். இதன் மொழிபெயர்ப்பும் தங்களுக்கு வந்து சேரும்.

எந்த வாள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. "இரண்டாம் உலகப் போர்க்கால சாமுராய் வாள், நன்கு சுத்தம் செய்யப்பட்டது" என்று பட்டியலில் அச்சிட்டிருந்தீர்கள். அதிலுள்ள கடைசி மூன்று சொற்களைப் பற்றியதே இந்த மடல்.

அந்த வாள் உங்களிடம் வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், அதை உடைமையாளரான மூதாட்டியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து நான் பார்த்திருக்கிறேன். 1945இல் பர்மாவில் சரணடைந்த ஜப்பானிய அதிகாரி ஒருவரிடமிருந்து தன் தந்தைக்குக் கிடைத்தது என்று அந்த அம்மையார் சொன்னார். உறையும் பிடியும் 1938ஆம் ஆண்டின் ராணுவ அமைப்பில் செய்யப்பட்டவை. ஜப்பானிய ராணுவத்தில் அதிகாரிகள் தங்கள் வாளைத் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்ததால், வீட்டில் பரம்பரையாக இருந்த பழைய வாளுக்கு ராணுவப் பிடியைப் பொருத்திக்கொண்டு போர்முனைக்குப் போனவர்கள் உண்டு. ஆகவே வெளியே தெரிவதை வைத்து உள்ளே இருப்பதன் வயதைச் சொல்ல முடியாது. பிடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அந்த அம்மையாரின் அனுமதியோடு மூங்கில் முளையைத் தட்டி எடுத்துப் பிடியை உருவினேன்.

பிடிக்குள் மறைந்திருக்கும் அந்த இரும்புப் பகுதியை ஜப்பானியர் 'நக்காகோ' என்பார்கள். வாளின் அலகுக்கு எண்ணெய் தடவி, பொடி தட்டி, தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடிபோல் வைத்திருப்பவர்கள், நக்காகோவை மட்டும் துருப்பிடிக்க விட்டுவிடுவார்கள். அது சோம்பலால் அன்று. அலகைத் தேய்க்கலாம், கூர்விளிம்பை மறுபடி சாணை பிடிக்கலாம். நக்காகோவில் ஏறிய துருவுக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது, அதைக் காலம்தான் செய்ய வேண்டும். அன்று நான் கண்டது நன்றாக வறுத்த காப்பிக்கொட்டையின் நிறத்தில், விரலில் ஒட்டாத, வழவழப்பான துரு. அதன் கீழே கொல்லன் அரத்தால் இழுத்த சாய்கோடுகள். ஒரு பக்கத்தில் 'பிஷூ ஒசாஃபுனே சுகேசதா' என்ற கையெழுத்து. ஒசாஃபுனே இன்றைய ஒகயாமா மாநிலத்தின் செத்தோஉச்சி நகருக்குள் அடங்கிய பழைய கொல்லர் ஊர். சுகேசதா என்ற பெயரை அங்கே பலரும் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தினார்கள். எனவே கையெழுத்து மட்டும் பெரிதாக எதையும் சொல்லிவிடாது. மறுபக்கத்தில் இருந்த தேதிதான் முக்கியம்.

அந்தத் தேதியில், ஜப்பானியர் ஆண்டைக் குறிக்கப் பயன்படுத்தும் சகாப்தப் பெயரின் முதல் எழுத்து 'தென்' என்று தெளிவாகத் தெரிந்தது. அதற்கு அடுத்த எழுத்தின்மேல் துரு கட்டியாக ஏறியிருந்தது. அதற்கும் கீழே, 'எட்டாம் மாதம்' என்பது மங்கலாகத் தெரிந்தது. மறைந்திருந்த அந்த ஒற்றை எழுத்தில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. அது 'தென்புன்' என்று முடிந்தால் வாள் 1532க்கும் 1555க்கும் இடைப்பட்டது. 'தென்ஷோ' என்று முடிந்தால் 1573 அல்லது அதற்குப் பிற்பட்டது. வாளின் நீளமும் வளைவும் இரண்டு காலத்துக்கும் இடம் கொடுத்தன. தென்ஷோ காலத்தின் இறுதியில்தான் யோஷீ ஆற்றில் பெருவெள்ளம் வந்து, ஒசாஃபுனே கொல்லர் ஊரையே அடித்துக்கொண்டு போனது. அது தென்ஷோ என்றிருந்தால், வெள்ளம் வருவதற்கு முந்தைய கடைசித் தலைமுறையின் கைவேலை அந்த அம்மையாரின் மேசைமேல் கிடந்தது என்று பொருள்.

அதை அன்றே படித்திருக்கலாம். பக்கவாட்டில் சாய்வாக விளக்கைப் பிடித்து, மெல்லிய தாளை மேலே வைத்து, கல்வெட்டுக்கு மசிப்படி எடுப்பதுபோல் படியெடுத்தால், துருவின் அடியிலுள்ள உளிப்பள்ளம் பெரும்பாலும் தெரிந்துவிடும். என்னிடம் அன்று தாளும் இல்லை, மசிக்கட்டியும் இல்லை. கைபேசியில் எடுத்த படம் சரியாக அந்த இடத்தில் கலங்கியிருக்கிறது. இது என் தவறு. அதை உங்கள் தலையில் கட்டமாட்டேன். அடுத்த முறை தாளோடு வருகிறேன், தேதியைப் படித்துச் சொல்கிறேன் என்று அந்த அம்மையாருக்கு வாக்களித்துவிட்டு வந்தேன். அதற்குள் அவர் வீடு மாற வேண்டியிருந்ததால், வாள் உங்களிடம் வந்துவிட்டது. துருவைத் தொட வேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதி, உறையில் கட்டியே கொடுத்தனுப்பியிருக்கிறார்.

பார்வையாளர் நாளன்று தாளும் மசியுமாக உங்கள் கூடத்துக்கு வந்தேன். பிடியைக் கழற்றி, நக்காகோவை வெளியே தெரியும்படி வைத்திருந்தீர்கள். இப்படிக் காட்ட வேண்டும் என்று வாள் சேகரிப்பாளர்களான நாங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்ததை, முதல்முறையாக அன்றுதான் செய்திருந்தீர்கள். நக்காகோ எவர்சில்வர் கரண்டிபோல் பளபளத்தது. கம்பிச் சக்கரம் ஓடிய தடம் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தது. கொல்லன் இழுத்த அரக்கோடுகள் எங்கும் இல்லை. கையெழுத்துப் பக்கத்தில் 'சுகே' பாதி நின்றது, 'சதா' கரைந்துபோயிருந்தது. திருப்பிப் பார்த்தேன். கம்பிச் சக்கரத்துக்கு மசியாத அந்தக் கட்டித் துருவை யாரோ உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்திருக்கிறார்கள். 'தென்' இருந்த இடத்தில் ஒரு நிழல். அடுத்த எழுத்து இருந்த இடத்தில் சின்னக் குழி, அதுவும் வழவழவென்று. கையிலிருந்த தாளைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மேசைக்குப் பின்னால் நின்ற இளைஞர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பயங்கரத் துருவாக இருந்தது ஐயா, இதற்கென்று நாங்கள் தனியாகக் கட்டணம் வாங்கவில்லை" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

தயவுசெய்து, பிடிக்குள் இருக்கும் துருவைத் தொடாதீர்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

நக்காகோவில் வெட்டப்படும் கையெழுத்துக்கு ஜப்பானிய மொழியில் 'மெய்' என்று பெயர். தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்பதை மொழிபெயர்ப்பாளர் உங்களுக்குச் சொல்லட்டும். அதை அவர்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நீளமான பழைய வாள்களைப் பிற்காலத்தில் அடிப்பக்கமாக வெட்டிக் குறுக்கும்போது, கையெழுத்து வெட்டுப்பட்டுப் போகும். அதை இழக்க மனமில்லாதவர்கள், கையெழுத்துள்ள துண்டை மட்டும் செதுக்கி எடுத்து, புதிய நக்காகோவில் சட்டம் போட்டதுபோல் பதித்துவிடுவார்கள். இன்னும் சிலர், கையெழுத்துள்ள பகுதியை மெல்லியதாக்கி மறுபக்கமாக மடித்துப் பொருத்துவார்கள். சண்டைக்குப் போகிற வாளில் இவ்வளவு சிரமம் எதற்கு என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. போலிக் கையெழுத்தும் அங்கே ஏராளம். பெயர் பெற்ற கொல்லர்களின் பெயரைப் பின்னாளில் வெட்டிவிடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க உதவுவதும் இந்தத் துருதான். உளிப்பள்ளத்துக்குள் இருக்கும் துருவும் சுற்றியுள்ள துருவும் ஒரே வயதா என்று பார்ப்பார்கள். உங்கள் பட்டறையில் தேய்த்த பிறகு, உண்மையான கையெழுத்துக்கும் போலிக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடுகிறது. எல்லாம் சமமாகப் பளபளக்கின்றன.

எங்கள் ஊரிலும் இது நடந்ததுண்டு. திருப்பணி என்ற பெயரில் பழைய கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்தார்கள். சுவர் புதிதாயிற்று, கல்வெட்டு எழுத்துகள் மழுங்கின. கல்வெட்டு ஆய்வாளர்கள் கத்திக் கத்தித்தான் அந்த முறைக்குத் தடை வந்தது. ஆகவே இது உங்கள் ஊருக்கே உரிய குற்றம் என்று சொல்லமாட்டேன். பழமையைக் கண்டதும் தேய்க்கத் தோன்றும் கை எல்லா நாட்டிலும் இருக்கிறது. ஆனால் அங்கே தேய்த்தவர்கள் புண்ணியம் என்று நம்பித் தேய்த்தார்கள். நீங்கள் தேய்த்ததோ விலைக்காக, விலையும் ஏறவில்லை.

அமெரிக்க வாள் சேகரிப்பாளரான காம்ப்டன், அட்லாண்டாவில் பழம்பொருள் கடை ஒன்றிலிருந்து ஒரு வாளை வாங்கினார். ககோஷிமாவிலுள்ள தெருகுனி ஆலயத்துக்குச் சொந்தமான, போருக்குப் பின் காணாமல்போன தேசியப் பொக்கிஷம் அது என்று தெரியவந்தது. 1960களில் காசு வாங்காமல் அதைத் திருப்பிக் கொடுத்தார். அதன் நக்காகோவில் 'குனிமுனே' என்ற கையெழுத்து அப்படியே இருந்தது. அந்தக் கடைக்காரருக்குத் தன்னிடம் இருந்தது என்னவென்று தெரியாது. தெரியாத பொருளைத் தெரியாதபடியே விட்டுவைக்கும் நல்ல புத்தி இருந்தது. அவருடைய கடையில் கம்பிச் சக்கரம் இல்லாதது ஜப்பானின் அதிர்ஷ்டம்.

உங்கள் சொந்த நலனுக்காகவும் ஒன்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வளைந்த, 50 செ.மீ.க்குக் குறையாத அலகுள்ள வாள்களின் விற்பனையைத் தடுக்கும் ஆணை இங்கே இங்கிலாந்தில் 2008இல் வந்தது. 1954க்கு முன் செய்தவற்றுக்கும், மரபுமுறையில் கையால் செய்தவற்றுக்கும் விலக்கு உண்டு. ஒரு வாள் அந்த விலக்குக்குள் வருகிறது என்பதற்கு அதன் நக்காகோவைவிட நல்ல சாட்சி எது? விற்பனைச் சீட்டில் "1954க்கு முந்தையது" என்று உறுதியளித்துவிட்டு, அதற்கு இருந்த சாட்சியத்தை நீங்களே உப்புத்தாளால் தேய்த்திருக்கிறீர்கள். இந்த விந்தையைத் தங்கள் சட்ட ஆலோசகர் ரசிப்பாரா என்று தெரியவில்லை.

குறை சொல்லத் தொடங்கினால் கை நிற்பதில்லை. பார்வையாளர்கள் அலகின்மேல் கட்டைவிரலை ஓட்டிக் கூர் பார்ப்பதை நீங்கள் சிரித்துக்கொண்டு அனுமதிக்கிறீர்கள். அந்த விரல்ரேகை அப்படியே துருவாக ஏறும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடும் பசையை அலகில் போட்டுத் துடைத்ததில், விளிம்பைப் பதமிட்டதால் அலகில் தோன்றும் வெண்கோடு கலங்கித் தெரிகிறது. அதைச் சரிசெய்ய ஜப்பானில் பயின்ற சாணைக் கலைஞர் ஒருவர், ஒன்றைவிட ஒன்று மென்மையான கற்களாக மாற்றி மாற்றி வாரக்கணக்கில் உழைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எஃகு தேய்கிறது. மேல்தோல் தேய்ந்து உள்ளிரும்பு வெளியே வந்துவிட்டால் அதோடு சரி. பட்டியலில் பிடியில் தொங்கும் குஞ்சத்தை நான்கு கோணங்களில் படமெடுத்துப் போடுகிறீர்கள். குஞ்சம் விற்கும் கடைக்கு அது பொருத்தம். வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். பளபளப்பைக் கண்டு கை தூக்குகிறவர்கள் இருக்கும்வரை தேய்க்கிறவர்களும் இருப்பார்கள். எங்கள் வட்டத்திலேயே புதிதாகச் சேர்ந்த ஒருவர், தன் முதல் வாளின் நக்காகோவை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துவிட்டு, எவ்வளவு அழகாக வந்திருக்கிறது பாருங்கள் என்று படம் அனுப்பினார். அவரைத் திட்டிய திட்டு இன்னும் எனக்கே உறுத்துகிறது. எனவே உங்களிடம் குரலை உயர்த்த எனக்குப் பெரிய உரிமையில்லை. கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன்.

பிடிக்குள் இருக்கும் துருவைத் தொடாதீர்கள். பிடி எளிதில் கழன்றால் கழற்றி, நக்காகோவின் இரண்டு பக்கங்களையும் சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்துப் பட்டியலில் போடுங்கள். கழலாவிட்டால் சுத்தியலை எடுக்காமல், கழலவில்லை என்று எழுதிவிடுங்கள். வாளை ஒப்படைக்கிறவர் சீட்டு எழுதிக் கட்டியிருந்தால், அதைப் படித்துவிட்டுப் பட்டறைக்கு அனுப்புங்கள். வாள்கள் வரும் ஒவ்வொரு ஏலத்துக்கும் முன் ஒரு நாள் வந்து, பிடி கழற்றவும் படியெடுக்கவும் எங்களில் இருவர் ஆயத்தமாக இருக்கிறோம். தேநீர் கொடுத்தால் போதும், அதுவும் கட்டாயமில்லை.

இன்னொன்றும் உண்டு. ஏலம் முடிந்த வாரத்தில் அந்த அம்மையார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். விலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. "அந்தத் தேதி என்னவென்று தெரிந்ததா?" என்றுதான் கேட்டார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை இனியும் என்னால் நீட்டிக்க முடியாது. எனக்கு மூன்றாவது பதில் வேண்டாம். என்ன நடந்தது என்று அவருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கூடத்துக்குத் தாளும் மசியுமாக வந்து திரும்பிய வாள் சேகரிப்பாளன்