நுரையீரல் வார்டுல இருந்து அக்காவுக்கு ஒரு லெட்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இங்கிலாந்துல குளிர் ஆரம்பிச்சிடுச்சு, சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிடுது, டூட்டிக்குப் போகும்போதும் இருட்டு திரும்பி வரும்போதும் இருட்டு. "நுரையீரல் வார்டுல அப்படி என்னதான்டி பண்றீங்க"ன்னு போன்ல கேட்டியே, அப்ப பேச நேரம் இல்ல, அதான் உக்காந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், நடுவுல அம்மா விஷயம், மாமா விஷயம் எல்லாம் வரும், முழுசா படி.

இந்த நாட்டுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே முதல்ல பாஸ் ஆக வேண்டியது நுரையீரல்தான் தெரியுமா, விசாவுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து டிபி இல்லன்னு சர்டிபிகேட் வாங்கணும். வேலைல சேந்தப்புறம் மறுபடியும் ரத்தம் எடுத்தாங்க, அது டிபி கிருமி உள்ள சத்தமில்லாம தூங்கிட்டு இருக்கான்னு பாக்குற டெஸ்ட். எனக்கு நெகட்டிவ். என்கூட வந்த ஒரு பொண்ணுக்கு பாசிட்டிவ்னு வந்து வேலையே போச்சுன்னு அழுதுட்டா, அப்புறம் டாக்டர் விளக்கினார், இது நோய் இல்ல, யாருக்கும் பரவாது, பின்னாடி நோயா மாறாம இருக்க ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் ரெண்டும் 3 மாசம் சாப்பிட்டா போதும்னு. இப்ப கோர்ஸ் முடிச்சு ஜம்முனு வேலை பாக்குறா.

டிபில கடைசி பத்து வருஷத்துல நடந்த மாற்றம் கேட்டா ஆச்சரியமா இருக்கும் அக்கா. மருந்துக்கு அடங்காத டிபின்னா முன்னாடி ஒன்றரை வருஷம், அதுக்கு மேலயும் இழுக்கும், தினமும் ஊசி வேற, அந்த ஊசியால சில பேருக்குக் காதே போயிடும். 2022ல உலக சுகாதார நிறுவனம் 6 மாச சிகிச்சைய ஏத்துக்கிச்சு, பெடாகுவிலின், ப்ரெட்டோமானிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின், நாலுமே மாத்திரை, ஊசியே இல்ல. இங்க ஒரு பெரிய டாக்டர் கிளாஸ் எடுக்கும்போது மெட்ராஸ் ஸ்டடின்னு ஆரம்பிச்சார், நான் நிமிந்து உக்காந்தேன். 1956ல ஆரம்பிச்ச ஆராய்ச்சி, டிபி வந்தா சானடோரியம்ங்கிற தனி ஆஸ்பத்திரில மாசக்கணக்குல படுக்க வைக்கணும், நல்ல சாப்பாடு நல்ல காத்து இருந்தாத்தான் தேறும்னு உலகமே நம்பிட்டு இருந்த காலம் அது, மெட்ராஸ்ல இந்த ஆராய்ச்சி பண்ணினவங்க பாதி பேரை வீட்டுலயே வச்சு மருந்து கொடுத்துப் பாத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம், வீட்டுல வச்சுப் பாத்த நோயாளிங்களோட கூட இருந்தவங்களுக்கும் அதனால அதிகமா பரவல. 1959ல அது வெளியானப்புறம் சானடோரியம்ங்கிற ஏற்பாடே உலகம் பூரா மெதுவா மூடுச்சு. அன்னிக்கு கிளாஸ்ல எனக்குக் கொஞ்சம் கர்வமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா தடுப்பூசின்னு பாத்தா இன்னும் 1921ல வந்த பிசிஜிதான் ஓடிட்டு இருக்கு, பெரியவங்க நுரையீரல அது சரியா காப்பாத்துறது இல்ல. எம்72ன்னு ஒரு புது ஊசி முந்தின கட்ட சோதனைல பாதி அளவுக்குத் தடுத்துச்சு, 2024ல கடைசிக் கட்ட சோதனை ஆரம்பிச்சிருக்காங்க.

சரி இப்ப அம்மா. ஆஸ்துமான்னா நீல இன்ஹேலர் ரெண்டு பஃப் அடிச்சா போதும்னு இத்தனை வருஷமா ஓட்டிட்டு இருக்காங்க இல்ல, அந்த வைத்திய முறையே இப்ப மாறிடுச்சு அக்கா. நீலத்துல இருக்கிறது சால்பியூட்டமால், அது மூச்சுக்குழாயச் சுத்தி இறுகி இருக்கிற தசையத் தளர்த்தும், அஞ்சு நிமிஷத்துல மூச்சு வரும், ஆனா குழாய்க்கு உள்பக்கம் இருக்கிற வீக்கத்த அது தொடவே தொடாது. வீடு பத்தி எரியும்போது அலாரத்த மட்டும் அமுக்கி நிறுத்துற மாதிரிதான் அது. வீக்கம் பாட்டுக்கு உள்ள வளரும், ஒரு நாள் சளி பிடிச்சா நேரா ஐசியூ. ஜினான்னு உலக அளவுல ஆஸ்துமா வழிகாட்டி எழுதுற அமைப்பு இருக்கு, அவங்க 2019லயே பெரியவங்களுக்கும் 12 வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்கும் நீலம் மட்டும் தனியா தரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இந்த நாட்டுலயும் 2024 நவம்பர்ல வந்த புது வழிகாட்டில அதேதான். இப்ப தர்றது ஒரே இன்ஹேலர்ல ரெண்டு மருந்து, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, மூச்சு திறக்க ஃபார்மோட்டரால், லேசான ஆஸ்துமான்னா இழுப்பு வரும்போது மட்டும் அதையே எடுத்துக்கலாம், அதிகமா இருந்தா தினமும். எப்பப்ப மூச்சு முட்டுதோ அப்பல்லாம் வீக்கத்துக்கும் மருந்து உள்ள போயிடுது, சூட்சுமம் அவ்வளவுதான்.

ஸ்டீராய்டுன்னு சொன்ன உடனே அம்மா முகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும். சொல்லு, இது மில்லிகிராம் இல்ல மைக்ரோகிராம் கணக்கு, நேரா நுரையீரலுக்குள்ள போகுது. நீலம் மட்டுமே நம்பி இருந்து ஆஸ்துமா அட்டாக் வந்தா அப்புறம் 40 மில்லிகிராம் பிரெட்னிசலோன் மாத்திரை முழுங்கணும், அதுதான் சுகர ஏத்தும், எலும்ப அரிக்கும். இன்ஹேலர் ஸ்டீராய்டுக்குப் பிறகு வாய் கொப்பளிச்சுத் துப்பணும், இல்லன்னா வாய்ல வெள்ளை படியும், குரல் கம்மும். இன்னொண்ணு, வருஷத்துக்கு மூணு நீல டப்பாவோ அதுக்கு மேலயோ காலியாகுதுன்னாலே இது கட்டுப்பாட்டுல இல்ல, அட்டாக் வர்ற ஆபத்து கூடுதுன்னு அர்த்தம், மாசம் ஒண்ணு காலியானா உயிருக்கே ஆபத்து கூடுது. அம்மா எத்தனை வாங்குறாங்கன்னு நீதான் கணக்குப் பாக்கணும், அவங்ககிட்ட கேட்டா "எப்பவாவதுதான்டி"ன்னுதான் சொல்வாங்க.

அப்புறம் இன்ஹேலர இழுக்குற விதம். வார்டுல எனக்குப் பாதி நேரம் இதுலயே போகுது, படிச்சவங்க பெரிய வேலைல இருக்கிறவங்க கூட தப்பாத்தான் இழுக்குறாங்க, மருந்து பூரா நாக்குலயும் தொண்டைலயும் ஒட்டிக்குது. அமுக்குற டைப்னா முதல்ல மூச்ச வெளிய விட்டுட்டு, மெதுவா ஆழமா இழுத்து, பத்து செகண்ட் அடக்கணும், ஸ்பேசர்னு ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்கு அதை மாட்டிக்கிட்டா வயசானவங்களுக்கு ரொம்ப சுலபம். பவுடர் டைப்னா நேர் மாறு, வேகமா பலமா இழுக்கணும். ரெண்டையும் குழப்பிக்கிட்டா எவ்வளவு நல்ல மருந்தும் வீண். ஆனா நீயா எதையும் மாத்திடாத, நீலத்தத் தூக்கிப் போட்டுடாத, நான் எழுதினதைச் சொல்லி டாக்டர்கிட்ட கேளு.

இங்க வந்து நான் நல்லா புரிஞ்சுக்கிட்டது, எல்லா இருமலுக்கும் ஒரே வைத்தியம்ங்கிற காலம் போயிடுச்சு. யாருக்கு எந்த வகைன்னு பாத்துட்டுத்தான் மருந்து. சாதாரண ரத்த டெஸ்ட்டுலயே ஈசினோபில்னு ஒரு வரி வரும், ஒரு வகை வெள்ளை அணு, அதோட எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 300க்கு மேல இருந்தா ஸ்டீராய்டு நல்லா கேக்கும், ரொம்பக் கம்மியா இருந்தா அவ்வளவா கேக்காது. கடுமையான ஆஸ்துமால ஈசினோபில் அதிகமா இருந்தா மெபோலிசுமாப், பென்ராலிசுமாப் மாதிரி ஊசிங்க இருக்கு, சில வாரத்துக்கு ஒரு தடவை போட்டா போதும், மாத்திரை ஸ்டீராய்டுலயே வாழ்ந்த சிலர் அதை அடியோட நிறுத்திட்டு வர்றத கண்ணால பாத்துட்டு இருக்கேன். 2024ல லண்டன் கிங்ஸ் காலேஜ்காரங்க ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, ஈசினோபில் அதிகம் உள்ள 158 பேர், ஆஸ்துமாவோ சிஓபிடியோ (பெரும்பாலும் சிகரெட், புகையால மூச்சுக்குழாய் நிரந்தரமா சுருங்கிப் போற நோய்) திடீர்னு முத்தும்போது பென்ராலிசுமாப் ஒரே ஊசி போட்டுப் பாத்தாங்க, ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் வாங்கினவங்கள்ல 74 சதவீதம் பேருக்கு 90 நாளுக்குள்ள சிகிச்சை தோத்துப் போச்சு, ஊசி போட்டவங்கள்ல 45 சதவீதம்தான். அட்டாக் வந்தா என்ன கொடுக்குறதுங்கிறதுல பல வருஷமா பெருசா ஒண்ணுமே புதுசா வரல, அதான் வார்டுல எல்லாரும் இதையே பேசுனோம்.

மாமா இருமல் அப்படியேதான் இருக்கா? படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு சொன்னியே, அது வயசு இல்ல அக்கா, ஸ்பைரோமெட்ரி பாக்கச் சொல்லு, ஒரு குழாய்ல பலமா ஊதணும், பத்து பதினஞ்சு நிமிஷ வேலை. முதல் செகண்ட்ல ஊதுற காத்து மொத்தத்துல 70 சதவீதத்துக்குக் கீழ இருந்தா, அதுவும் மருந்து கொடுத்த பிறகும் அப்படியே இருந்தா, சிஓபிடின்னு சந்தேகப்படணும். சிஓபிடிக்கு 2024ல முதல் தடவையா டுபிலுமாப்ங்கிற ஊசிக்கு அனுமதி கிடைச்சிருக்கு, அதுவும் ஈசினோபில் அதிகமா உள்ளவங்களுக்குத்தான். ஆனா எந்த ஊசி வந்தாலும் சிகரெட் நிறுத்துறதுக்கு ஈடு கிடையாது, இத நான் சொன்னா கேக்க மாட்டார், நீ சொன்னாலும் கேக்க மாட்டார், டாக்டர் வாயால சொல்ல வை. இங்க சிஓபிடி ஆளுங்களுக்கு ஆறுல இருந்து எட்டு வாரம் உடற்பயிற்சி வகுப்பு நடத்துறாங்க, மூச்சு வாங்குறவங்கள நடக்க வைக்கிறாங்களேன்னு முதல்ல எனக்கே பாவமா இருந்துச்சு, அப்புறம் பாத்தா அதுல தேறுற அளவுக்குப் பல மருந்துலயும் தேறுறது இல்ல. பாட்டு வகுப்பு கூட உண்டு, மூச்ச அடக்கி விடுறதுக்குப் பயிற்சியாம், ஒரு தாத்தா பாடுற சுருதிய மட்டும் என்னால தாங்க முடியல.

விரல்ல மாட்டுற ஆக்ஸிஜன் மெஷின் கோவிட் சமயத்துல வாங்கினீங்களே, அதப் பத்தியும் ஒண்ணு. கருப்புத் தோலுக்கு அது சில நேரம் இருக்கிறத விட அதிகமா காட்டும், 2020ல அமெரிக்காவுல பண்ண ஆராய்ச்சில கருப்பின நோயாளிங்களுக்கு உள்ள ஆக்ஸிஜன் கம்மியா இருந்தும் மெஷின் சரின்னு காட்டினது வெள்ளைக்காரங்கள விட மூணு மடங்கு அதிகம். அதனால மெஷின்ல 94 காட்டுது ஆனா ஆளு பேச முடியாம திணறுறாங்கன்னா ஆளத்தான் நம்பணும்.

கோவிட்னு சொன்னதும் ஞாபகம் வருது, டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு உயிர் காப்பாத்தும்னு 2020 ஜூன்ல கண்டுபிடிச்சது இந்த நாட்டோட ரெக்கவரி ஆராய்ச்சிதான். வென்டிலேட்டர்ல இருந்தவங்க சாவு மூணுல ஒரு பங்கு குறைஞ்சுது, ஆக்ஸிஜன் மட்டும் வாங்கினவங்கள்ல அஞ்சுல ஒரு பங்கு. ஆக்ஸிஜனே தேவைப்படாதவங்களுக்கு எந்தப் பலனும் இல்ல, இந்தக் கடைசி வரிய மட்டும் அன்னிக்கு நிறைய பேர் காதுல வாங்கிக்கல, காய்ச்சல் வந்த மொத நாளே எல்லாரும் முழுங்குனாங்க.

ஆன்டிபயாடிக்கும் அதே கதைதான். சளிக்கெல்லாம் தராதீங்கன்னா இங்கயும் சண்டைக்கு வர்றாங்க. நிமோனியாக்கே இப்ப நாள் குறைஞ்சிடுச்சு, ரொம்பக் கடுமையா இல்லன்னா பெரியவங்களுக்கு பொதுவா 5 நாள், பிள்ளைங்களுக்கு 3 நாளும் 7 நாளும் ஒரே பலன்தான்னு 2021ல இங்க பண்ண ஆராய்ச்சி காட்டுச்சு. டாக்டர் எத்தனை நாள் எழுதுறாரோ அத்தனை நாள், மிச்ச மாத்திரைய அடுத்த சளிக்குன்னு பீரோவுல வைக்காத.

அண்ணி மாசமா இருக்காங்க இல்ல, அவங்களுக்குத்தான் இந்தப் பத்தி. ஆர்எஸ்வின்னு ஒரு வைரஸ், பெரியவங்களுக்கு வெறும் சளி, கைக்குழந்தைக்கு மூச்சுத் திணறல், குளிர்காலம் வந்தா குழந்தைங்க வார்டு அதுலயே நிரம்பும். 1960கள்ல இதுக்கு ஒரு தடுப்பூசி போட்டுப் பாத்து, ஊசி போட்ட குழந்தைங்களுக்கு நோய் இன்னும் மோசமா வந்து ரெண்டு குழந்தைங்க இறந்தே போச்சு, அந்தப் பயத்துல பல வருஷம் யாரும் கிட்டயே போகல. வைரஸ் மேல இருக்கிற ஒரு புரதம் செல்லுக்குள்ள நுழையும்போது உருவம் மாறிடும், மாறுறதுக்கு முந்தின உருவம் எப்படி இருக்கும்னு 2013ல அமெரிக்காவுல கண்டுபிடிச்சாங்க, அதைப் பிடிச்ச பிறகுதான் வேலை செய்யுற ஊசி வந்துச்சு, 2023ல. இங்க 2024 செப்டம்பர்ல இருந்து 28 வாரம் ஆன கர்ப்பிணிங்களுக்குப் போடுறாங்க, அம்மா உடம்புல உண்டாகுற எதிர்ப்பு சக்தி குழந்தைக்குப் போயிடுது. அப்பவே 75ல இருந்து 79 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கும் ஆரம்பிச்சாங்க. அண்ணிய அவங்க டாக்டர்கிட்ட இதக் கேக்கச் சொல்லு.

ஒரு விஷயம் மனச உறுத்திட்டே இருக்கு. லண்டன்ல எல்லா (Ella)ங்கிற பேர்ல ஒரு ஒன்பது வயசுப் பொண்ணு, பெரிய ரோட்டுப் பக்கம் வீடு, 2013ல ஆஸ்துமால இறந்துட்டா. அவங்க அம்மா விடாம போராடி 2020 டிசம்பர்ல மரண விசாரணைல காத்து மாசும் காரணம்னு தீர்ப்பு வாங்கினாங்க, இந்த நாட்டுலயே அதுதான் முதல் தடவை. நாங்க என்னதான் ஊசி போட்டாலும் அந்தப் பிள்ளை திரும்ப அதே ரோட்டுக்குத்தானே போகணும்னு அடிக்கடி தோணும்.

நைட் டூட்டிக்கு நேரமாச்சு. அம்மாவோட கடைசி ரத்த டெஸ்ட் பேப்பரத் தேடி எடு, ஈசினோபில் சதவீதம் மட்டும் போட்டிருந்தா மொத்த வெள்ளை அணு எண்ணிக்கையும் தெரியுற மாதிரி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பு. மாமா ஊதுற டெஸ்ட்டுக்கு என்னிக்குப் போறார்னு தேதியும் எழுது, "பாக்கலாம்"னு எழுதி அனுப்பினா நானே அவருக்கு போன் பண்ணுவேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி