கொரியாவோடு ஒப்பிடுங்கள், ஆனால் முழுக் கணக்கோடு

முதலீடு, வாணிப, தொழில்துறை அமைச்சின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கெடா, பீடோங்கிலிருந்து எழுதுகிறேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் ஃபேக்டரி பஸ் ஏறுகிறார்கள். ஆகவே மலேசியாவின் உற்பத்திக் கணக்கு எங்கள் வீட்டுக் கணக்கும்தான்.

புதிய முதலீடு வரும்போதெல்லாம் இத்தனை பில்லியன் ரிங்கிட், இத்தனை ஆயிரம் வேலை என்று அறிவிக்கிறீர்கள். கூடவே தென் கொரியாவைப் போல் வளர்வோம் என்ற பேச்சும் வந்துவிடுகிறது. அந்த ஒப்பீடு எனக்கும் வேண்டும். ஆனால் தொடக்கத்திலிருந்து பாருங்கள்.

1970-இல் தலைக்கு வருமானத்தில் கொரியாவைவிட நாம் மேலே இருந்தோம். இரண்டு நாடுகளும் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு மின்னணுச் சில்லு (சிப்) பொருத்திக் கொடுத்துத்தான் இந்தத் தொழிலில் இறங்கின. பினாங்கு பாயான் லெப்பாஸுக்கு இன்டெல் 1972-இல் வந்தது. 1983-இல் கொரியாவின் சாம்சங் 64 கே டிராம் என்னும் கணினி நினைவகச் சில்லைச் செய்து காட்டியது. இன்று உலகின் டிராம் சில்லுகளில் பாதிக்கு மேல் கொரியக் கம்பெனிகளுடையவை. நம் பங்கு, சில்லுகளைப் பொருத்திச் சோதித்து உறையிடும் வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு. அது சின்ன வேலையன்று. என் அக்காள் அதைத்தான் செய்தார். நுண்ணோக்கியில் கண் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஓரத்தில் ஒட்டுவார். கை ஒரு இழை நடுங்கினால் சில்லு வீண். அந்தக் கைத்திறன் அடுத்த படிக்கு ஏற வழியே இல்லாமல் அதே நாற்காலியில் ஓய்வுபெற்றது. எனக்கு ஆறாத வருத்தம் இதுதான்.

காரைப் பாருங்கள். 1975-இல் வந்த ஹூண்டாய் போனிக்கும், 1985-இல் வந்த நம் புரோட்டோன் சாகாவுக்கும் மிட்சுபிஷி எஞ்சின்தான். ஹூண்டாய் 1991-இல் சொந்த எஞ்சினுக்கு வந்துவிட்டது. புரோட்டோனின் சொந்த எஞ்சினான கேம்ப்ரோ 2004-இல்தான் வந்தது. கொரிய அரசும் தன் கம்பெனிகளுக்கு மலிவுக் கடன் கொடுத்தது, உள்நாட்டுச் சந்தையைப் பாதுகாத்தது. ஆனால் ஏற்றுமதி செய்து காட்டு என்று கழுத்தைப் பிடித்தது. நாம் பாதுகாப்பைக் கொடுத்தோம், அந்தக் கெடுபிடியைக் கொடுக்கவில்லை.

2000 வாக்கில் நம் பொருளாதாரத்தில் உற்பத்தித் துறையின் பங்கு 30 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. இன்று 23 வாக்கில் நிற்கிறது. உற்பத்தித் தொகையை டாலரில் மட்டும் கணக்குப் போடாதீர்கள். 1997 நெருக்கடியில் ரிங்கிட் விழுந்தபோது ஒரு டாலர் இரண்டரை ரிங்கிட்டிலிருந்து 3.80-க்கு வந்தது, அதே அளவு பொருள் செய்தாலும் டாலர் கணக்கில் குறைந்ததாகத்தான் தெரியும். ஏற்றுமதித் தொகையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு பெட்டி சில்லு கப்பலேறும்போது அதன் முழு விலையும் நம் பெயரில் பதிவாகிறது. உள்ளே இருக்கும் சிலிக்கான் தகடும் அதைச் செய்த இயந்திரமும் பெரும்பாலும் வெளிநாட்டவை. அவற்றைக் கழித்தால் மிஞ்சும் மதிப்பில்தான் எங்கள் சம்பளம் இருக்கிறது. அதிலும் லாபம் தாய்க் கம்பெனிக்குப் போய்விடும்.

2023-இல் நீங்கள் வெளியிட்ட புதிய தொழில்துறைப் பெருந்திட்டம் 2030, உற்பத்தித் துறையின் கூட்டு மதிப்பை, அதாவது வாங்கிய பொருள்களின் விலையைக் கழித்து இங்கே சேரும் மதிப்பை, 587.5 பில்லியன் ரிங்கிட்டுக்கு உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. இலக்கு நல்லது. அதை எட்டும் வழியில் எங்களுக்கு ஒரு கணக்குக் காட்டுங்கள். வரிச்சலுகை பெறும் ஒவ்வோர் ஆலையும் ஆண்டுதோறும் இங்கே எவ்வளவு மதிப்பைச் சேர்த்தது, உள்ளூர்ப் பட்டறைகளிடம் எவ்வளவுக்குப் பொருள் வாங்கியது, இயந்திரம் ஓட்டும் எத்தனை பேரைத் தொழில்நுட்பராகவும் பொறியாளராகவும் உயர்த்தியது என்று வெளியிட வேண்டும். அந்தப் பட்டியல் தேசிய மொழியிலும் தமிழிலும் சீனத்திலும் இருக்கட்டும். சலுகையைப் புதுப்பிக்கும் நாளில் அதை வைத்தே முடிவெடுங்கள். கூலிமிலும் சுங்கை பட்டாணியிலும் இருக்கும் ஆலைகளிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
பீடோங் வாசி ஒருவர்