சேர்த்த பிறகு யார் பொறுப்பு? அரசு பாலிடெக்னிக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் பிளேஸ்மென்ட் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

கூலி வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்து அரசு பாலிடெக்னிக்கில் சேர முன்பு இருந்த தடைகளில் பல இன்று விலகியிருக்கின்றன. அரசுப் பேருந்தில் போய்வர அட்டை உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவிக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. சமூகப் பிரிவும் குடும்ப வருமானமும் பார்த்துத் தரும் உதவித்தொகைகளும் விடுதிகளும் தனி. இவ்வளவு இருந்தும், முதலாண்டில் நிறைந்திருந்த வகுப்பறையில் மூன்றாமாண்டு வரும்போது பெஞ்சுகள் காலியாகின்றன. டிப்ளமோ முடித்தவர்களிலும் பலர் ஒப்பந்தக்காரர் வழியாக, படிப்புக்குத் தொடர்பில்லாத சம்பளத்துக்கு வேலைக்குப் போகிறார்கள்.

உதவிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மேசையில் இருக்கின்றன. ஒரு மேசையில் தடங்கல் வந்தால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று சொல்லித்தர வீட்டில் ஆள் கிடையாது, ஏனென்றால் அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளே இந்தப் பிள்ளைதான். ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: ஒவ்வொரு மாணவருக்கும், சேர்ந்த நாளிலிருந்து வேலையில் அமர்ந்து ஆறு மாதம் ஆகும்வரை, பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஒரு பொறுப்பாசிரியர் வேண்டும். அவருக்கு அந்த வேலைக்கென்று டைம்டேபிளில் வாரம் நான்கு பீரியட் ஒதுக்கப்பட வேண்டும். எந்த ஆசிரியருக்கு எந்த மாணவர்கள் பொறுப்பு என்று சொல்லும் டியூட்டர்-வார்டு பட்டியல் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறது. நேரம் ஒதுக்காததால்தான் அது ஃபைலோடு நின்றுபோகிறது.

இதில் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று. நியூயார்க் மாநகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் 2007-இல் ஏ.எஸ்.ஏ.பி. என்ற திட்டத்தைத் தொடங்கியது. உதவித்தொகை போக மீதி நிற்கும் கட்டணம், பாடப்புத்தகம், மாதப் பயண அட்டை, அடிக்கடி சந்தித்தே ஆகவேண்டிய ஆலோசகர், வேலைவாய்ப்புக்குத் தனி அலுவலர் என எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களிலிருந்து வந்த, அடிப்படைப் பாடத்தில் பின்தங்கியிருந்த மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து எம்.டி.ஆர்.சி. நிறுவனம் ஆய்வு செய்தது. மூன்று ஆண்டு முடிவில் இந்தத் திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காட்டினர் பட்டயம் பெற்றிருந்தார்கள், வழக்கமான முறையில் படித்தவர்களில் 22 விழுக்காட்டினர். தலைக்கு ஆன செலவு கூடுதல்தான். ஆனால் படிப்பை முடித்தவர் ஒருவருக்கு ஆன செலவு என்று கணக்கிட்டால் அது குறைந்திருந்தது. அவர்கள் கொடுத்தவற்றில் பயண அட்டையும் கட்டணச் சலுகையும் நம் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. நம்மிடம் இல்லாதவர் அந்த ஆலோசகர்.

பொறுப்பாசிரியரின் முதல் வேலை, சேர்க்கை நடக்கும் வாரத்திலேயே வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது. பணம் வராத மாணவர்களில் பெரும்பாலோர் சிக்குவது இங்கேதான். "பேங்க்ல ஆதார் குடுத்துட்டேன் சார்" என்று மாணவர் சொல்வது உண்மையாகவே இருக்கும். வங்கி அதை கே.ஒய்.சி., அதாவது வாடிக்கையாளரை அடையாளம் காணும் ஆவணமாக வாங்கி வைத்திருக்கும். அரசு நேரடியாக அனுப்பும் பணம் வர, அந்தக் கணக்கு தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் (என்.பி.சி.ஐ.) பதிவில் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. ஒருவருக்கு மூன்று கணக்கு இருந்தாலும் கடைசியாக இணைத்த கணக்குக்கே பணம் போகும், மாணவரோ வேறொரு பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று ஓ.டி.பி. போட்டு ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் ஓ.டி.பி. போகும் எண், அப்பா எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம்மாக இருக்கும். அப்படியானால் முதலில் ஆதார் மையம், பிறகுதான் வங்கி. வரிசையை மாற்றினால் இரண்டு இடத்திலும் திருப்பி அனுப்புவார்கள்.

இன்னும் இரண்டு சிக்கல்கள் பாலிடெக்னிக் வயதுக்கே உரியவை. 15 வயது ஆனதும் கைரேகையையும் கருவிழியையும் ஆதாரில் புதுப்பிக்க வேண்டும், 17 வயதுக்குள் செய்தால் கட்டணமில்லை. இதைச் செய்யாதவருக்கு விரல் வைக்கும் இடத்திலெல்லாம் தடை வரும். அடுத்து, பள்ளியில் திறந்த மைனர் கணக்கு. 18 வயது நிறைந்ததும் புதிய கையெழுத்தும் ஆவணங்களும் கொடுக்காவிட்டால் வங்கி அதை நிறுத்திவைக்கும். அது படிப்பின் பின்பாதியில் விழும், மாணவருக்குக் காரணம் புரியாது. இரண்டு ஆண்டுக்கு மேல் போடுவதோ எடுப்பதோ இல்லாத கணக்கும் செயலிழந்த கணக்காகிவிடும். சேரும் நாளிலேயே பிறந்த தேதியைப் பார்த்து, யாருக்கு எந்த மாதம் 18 ஆகிறது என்று குறித்துவைத்தால் போதும்.

பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் அப்பா பெயர் முழுதாக என்று ஒருவருக்கே மூன்று பெயர் இருக்கும். படிக்கும்போது இது உதவித்தொகையை நிறுத்தும், வேலைக்குப் போனபின் பி.எஃப். பணத்தை எடுக்கவிடாது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எழுத்துப்பிழை இல்லையென்றால் அதையே அடிப்படையாக வைத்து மற்றவற்றை மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்றமுடியும் என்பதால், அவசரப்பட்டு இ-சேவை மையத்துக்கு அனுப்பும் முன் எந்த எழுத்து எங்கே வரவேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

பணம் ஒழுங்காக வந்தாலும், அது வரும் நாளும் செலவு வரும் நாளும் ஒன்றல்ல. டிராஃப்டர் என்ற வரைகருவி, டிராயிங் ஷீட், வொர்க்‌ஷாப் ஷூ, சீருடை, ரெக்கார்டு நோட்டு எல்லாம் முதல் மாதத்திலேயே வேண்டும். டிராஃப்டர் இல்லாததால் வெளியே நிற்கவைக்கப்பட்ட மாணவர் மறுவாரமும் அந்த வகுப்புக்கு வரமாட்டார். முடித்துப் போகும் மாணவர்களிடமிருந்து டிராஃப்டரையும் கால்குலேட்டரையும் வாங்கி, நூலகத்தில் புத்தகம் கொடுப்பதுபோலப் பெயர் எழுதிக் கொடுக்கலாம். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

படிப்பில் முதலில் காலை வாருவது கணக்கு. மேட்ரிக்ஸ், கலப்பெண், வகைநுண்கணிதம் என்று மேல்நிலைப் பள்ளியில் இரண்டு ஆண்டு நிதானமாக நடத்தும் பகுதிகள் இங்கே பத்தாம் வகுப்பு முடித்த உடனே வருகின்றன. ஆனால் தோற்பவர்களின் விடைத்தாளைப் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் மேட்ரிக்ஸ் விதி தெரிந்திருக்கும், குறை எண்ணைக் கூட்டுவதில் தப்பு இருக்கும். சமன்பாட்டில் ஓர் உறுப்பைப் பக்கம் மாற்றுவது, பின்னம், விகிதம், மில்லிமீட்டரை மீட்டராக்குவது இவைதான் ஓட்டைகள். முதல் வாரத்தில் இருபது கேள்வி கொண்ட ஒரு சின்னத் தேர்வு வையுங்கள். மதிப்பெண்ணை யாருக்கும் காட்டவேண்டாம். யாருக்கு எந்த ஓட்டை என்று மட்டும் பிரித்துக்கொண்டு ஆறு வாரம், வாரம் மூன்று பீரியட், பள்ளிக் கணக்கையே நடத்துங்கள்.

அந்த பீரியடுகள் டைம்டேபிளுக்குள் இருக்கவேண்டும். மாலை நான்கு மணிக்கு மேல் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால், கிராமத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் மாணவரும், மண்டபத்தில் பரிமாறும் வேலைக்குப் போகும் மாணவரும் வரமாட்டார்கள். யாருக்காக அந்த வகுப்போ அவர்களே வராமல், ஏற்கெனவே தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஐ.டி.ஐ. முடித்து நேரடியாக இரண்டாமாண்டில் சேர்பவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். கைவேலையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை, ஆனால் முதலாண்டுக் கணக்கை அவர்கள் பார்த்ததே கிடையாது. அவர்களுக்கு வகுப்பு தொடங்குவதற்கு முன் இரண்டு வாரமாவது தனியாக வேண்டும்.

டிராயிங்கில் வரும் தடுமாற்றம் வேறு வகை. முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என்று போர்டில் கோடு போட்டால் பொருள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐந்து ரூபாய் துணி சோப்பை வாங்கி, படியும் பள்ளமுமாக வெட்டி, கையில் கொடுத்து, மூன்று பக்கமும் பார்த்து வரையச் சொல்லுங்கள். பிறகு ஷீட்டுக்கு வரலாம். ஆங்கிலத்திலும் இதே அணுகுமுறைதான்: விளக்கம் தமிழில், கலைச்சொல் ஆங்கிலத்தில். மோட்டார் மேல் ஒட்டிய தகட்டைப் படிப்பது, வரைபடத்தின் மூலையில் உள்ள கட்டத்தை நிரப்புவது, மெஷின் நின்றுபோனதை மூன்று வரியில் எழுதுவது. வேலையிடத்தில் கேட்கப்போவது இவைதான்.

மாணவர் நின்றுபோகப் போவதற்கு அறிகுறிகள் உண்டு. தொடர்ந்து மூன்று நாள் வராதது, முதல் இன்டர்னல் எழுதாதது, ரெக்கார்டு வைக்காதது. இதில் ஒன்று நடந்தால் அன்றே போன் செய்யவேண்டும். "அப்பாவைக் கூட்டிட்டு வந்தாதான் உள்ள விடுவேன்" என்று சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அப்பாவுக்கு அது ஒரு நாள் கூலி. அந்தக் கூலியை இழக்கவைக்க மனமில்லாத பிள்ளை வீட்டிலேயே நின்றுவிடும், ஒரு வாரம் கழித்துத் துணிக்கடையிலோ மில்லிலோ சேர்ந்துவிடும். பெற்றோரோடு போனில் பேசலாம், கூலி இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் வரச்சொல்லலாம்.

அரியர் விஷயத்தில் கல்லூரிகளின் அக்கறை ஆறாவது செமஸ்டரோடு முடிந்துவிடுகிறது. எங்கள் பார்வையில் மிகப் பெரிய இழப்பு இங்கே நடக்கிறது. ஒரே ஒரு பாடம் பாக்கி இருந்தாலும் டிப்ளமோ இல்லை, "ஸ்டாண்டிங் அரியர் கூடாது" என்ற நிபந்தனை உள்ள கேம்பஸ் இன்டர்வியூவிலும் உட்காரமுடியாது. வெளியே போனவருக்குத் தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி தெரியாது, அறிவிப்பு கல்லூரிப் பலகையில்தான் ஒட்டப்படுகிறது. பாடத்திட்டம் மாறிவிட்டால் பழைய பாடத்துக்கு நோட்ஸ் கொடுக்கவும் ஆள் இருக்காது. துறைவாரியாக அரியர் பதிவேடு ஒன்று போட்டு, ஒரு பாடமோ இரண்டு பாடமோ பாக்கி உள்ளவர்களை முதலில் எடுங்கள். கட்டணத் தேதிக்குப் பத்து நாள் முன் அழைத்துச் சொல்லுங்கள். கட்டணம் கட்ட முடியாதவருக்கு முன்னாள் மாணவர் நிதியிலிருந்து கட்டுங்கள். தேர்வுக்கு முந்தைய மூன்று ஞாயிற்றுக்கிழமை வகுப்பைத் திறந்துவையுங்கள்.

வேலை தேடும் கட்டத்தில் மாணவருக்குத் தெரியவேண்டியது, கையில் வரும் தாள் எந்த வகை என்பதுதான். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் எடுக்கும் பயிற்சி ஒன்று, நிரந்தர வேலை ஒன்று, குறிப்பிட்ட கால ஒப்பந்தம் ஒன்று, ஒப்பந்தக்காரர் சம்பளப் பட்டியல் ஒன்று. அப்ரண்டிஸ் பயிற்சியை நாங்கள் பரிந்துரைக்கிறோம், குறிப்பாகச் சிபாரிசுக்கு ஆளில்லாத பிள்ளைகளுக்கு. டிப்ளமோ முடித்தவருக்கு மாதம் 8,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று 2019 திருத்தம் சொன்னது. சான்றிதழும் கிடைக்கும். தென்மண்டலத்துக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, பதிவு இணையத்தில் நடக்கிறது. ஆனால் பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்குக் கிடையாது. இதைச் சொல்லாமல் அனுப்புவதால்தான் ஓராண்டு கழித்துத் திரும்பி வருபவர் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார். பயிற்சியின் ஒன்பதாவது மாதத்திலேயே அடுத்த இடத்துக்கு விண்ணப்பிக்க வைக்கவேண்டும். அசல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதே, வேலைக்கென்று யாருக்கும் பணம் கட்டாதே என்பவற்றை ஐந்தாவது செமஸ்டரிலேயே திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும்.

பிறகு, வேலையில் சேர்ந்த அந்த முதல் நாற்பது நாள். ஒரகடத்துக்கோ ஓசூருக்கோ போகும் பையன் அறை அட்வான்ஸ், சாப்பாடு, பஸ் என்று கையிலிருந்து போட வேண்டும். முதல் சம்பளம் அடுத்த மாதம் முதல் வாரத்துக்குப் பிறகுதான். இரண்டே வாரத்தில் ஊர் திரும்புபவர்களில் பலருக்கு வேலை பிடிக்காமல் போவதில்லை, காசு தீர்ந்துபோகிறது. மாணவிகளுக்குக் கூடுதலாக, தங்கும் விடுதியையும் ஷிப்ட் முடிந்து வரும் வண்டியையும் பெற்றோர் நேரில் பார்க்க ஏற்பாடு வேண்டும். பார்த்த பெற்றோர் மறுப்பது குறைவு. நிறுவனத்தோடு பேசும்போது எத்தனை பேரை எடுப்பார்கள் என்பதோடு நிறுத்தாமல், விடுதி உண்டா, முதல் மாதம் முன்பணம் தருவார்களா, சம்பளத்தில் கேன்டீனுக்கும் பஸ்ஸுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேளுங்கள். ஒருவரைத் தனியாக அனுப்பாமல் நான்கைந்து பேராக, அங்கே ஏற்கெனவே இருக்கும் சீனியர் ஒருவரின் எண்ணோடு அனுப்புங்கள்.

கடைசியாக, பிளேஸ்மென்ட் கணக்கை ஆஃபர் லெட்டர் எண்ணிக்கையில் போடுவதை நிறுத்தக் கேட்கிறோம். வேலையில் சேர்ந்து ஆறாவது மாதம் ஒவ்வொருவரையும் அழைத்து நான்கு விவரம் எழுதுங்கள்: அதே இடத்தில் இருக்கிறாரா, கையில் வரும் சம்பளம் எவ்வளவு, எந்த வகை வேலை, விட்டிருந்தால் ஏன். இந்தப் பட்டியலைத் துறைவாரியாக அடுத்த சேர்க்கைக்கு முன் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பொறுப்பாசிரியர் பட்டியலையும் அதன் பக்கத்திலேயே, ஆசிரியரின் பெயரோடும் அவரைச் சந்திக்கும் நேரத்தோடும், வகுப்பு தொடங்கும் முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
முதல் தலைமுறை மாணவர்களோடு பணியாற்றும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும்