தாமான் குடியிருப்பாளர் சங்கம், கிள்ளான், மலேசியா: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நம் பட்டியலில் 64 குடும்பங்கள் இருக்கின்றன. போன ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 19 பேர். இவ்வறிக்கையை 25 படி எடுத்திருக்கிறேன், மிஞ்சும் என்று தெரிந்தேதான்.

ஜனவரியில் பொங்கல் நடந்தது. பால் பொங்கியது, மழையும் பெய்தது. ஜூனில் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லோரும் கூடிச் செய்யும் பொதுப்பணி. தீபாவளிக்கு முன் முதியோர்க்கு அன்பளிப்புக் கூடை.

மார்ச் மாதம் மகளிர் தினத்தையொட்டி 'நான்கு தலைமுறைப் பெண்கள்' என்ற படக்காட்சி வைத்தோம். "செயலாளர் தன் குடும்பத்தையே சுவர் முழுக்க மாட்டிவிட்டார்" என்று பேச்சு அடிபடுவது என் காதுக்கும் வந்தது. சரி, நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முந்தைய அக்டோபரிலேயே வாட்ஸ்அப் புலனத்தில் படம் கேட்டிருந்தேன். தருகிறேன் என்றவர்கள் 11 பேர். வந்தது 2 படம். அதில் ஒன்று கல்யாண ஆல்பத்திலிருந்து உருவியது. வெறும் சுவரையா திறந்து வைப்பது?

என் பாட்டியின் அம்மா நாகப்பட்டினத்தில் கப்பலேறி, ஆள் கூட்டி வரும் கங்காணியோடு மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துக்கு, அதாவது தீம்பாருக்கு, வந்தவர். 1920களின் கடைசியில் அரசு நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 50 காசு என்றால் பெண்ணுக்கு 40 காசு. 'இப்போதுதான் நம் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள்' என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே கால் வைத்த நாளிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறோம். பாட்டியும் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்து, பால்மரம் சீவியவர். 1943இல் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படைக்குப் பேர் கொடுக்கப் போன பாட்டியின் அக்காவை வீட்டார் பாதி வழியில் இழுத்து வந்துவிட்டார்களாம். பாட்டியின் சம்பளம் மட்டும் ஆபீஸ் வாசலிலேயே தாத்தா கைக்குப் போய்விடும். கள்ளுக்கடை போக மிச்சம் வீட்டுக்கு.

அம்மா எழுபதுகளில் சுங்கைவே மின்னணுத் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறினார். சம்பளத்தை அப்பாவிடம் கொடுக்குமுன் 10 வெள்ளியை (ரிங்கிட்) எடுத்து மைலோ டின்னில் போட்டு, அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார். என் பள்ளிச் சீருடை அந்த டின்னிலிருந்து வந்ததுதான். துருப்பிடித்த அந்த டின்னையும் கண்காட்சியில் வைத்திருந்தேன். உண்டியல் என்று நினைத்து யாரோ 5 வெள்ளி போட்டிருந்தார்கள். கணக்கில் சேர்த்துவிட்டேன்.

சந்தா விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டுக்கு 24 வெள்ளி, மாதம் 2 வெள்ளி. கட்டியவர்கள் 38 குடும்பம். சிலர் மூன்று வருடமாகப் பாக்கி. வீடு வீடாகப் போனேன். கதவைத் திறந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள், "அவர் வரட்டும்கா, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றவர்களும் அவர்களே. அதில் ஒருவர் வங்கியில் கடன் விண்ணப்பங்களுக்குக் கையெழுத்துப் போடுகிற அதிகாரி! சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது நம் உறுப்பினர் பாரத்தைப் பார்த்தாள். "குடும்பத் தலைவர் கையொப்பம்னு ஒரே ஒரு கோடுதானேம்மா இருக்கு, வீட்டுப் பொம்பளைங்க எங்க போடுவாங்க?" என்றாள். பாரத்தை அச்சடித்தது நான்தான்.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. கண்காட்சிப் பதாகைக்குக் கொஞ்சம் கூடப் போனது உண்மை. மண்டபம் தந்தவர்களுக்கும், நாற்காலி தூக்கிய இளைஞர்களுக்கும், சமையல் குழுவினருக்கும் நன்றி. சமையல் குழுவில் இவ்வாண்டும் ஆண்கள் இல்லை.

மூன்று ஆண்டு இப்பொறுப்பில் இருந்துவிட்டேன். வேறொருவர் ஏற்றால் மகிழ்ச்சி. ஆனால் 80 வயது தாண்டிய 6 அம்மாக்களின் குரலைப் பதிய நினைத்து, 2 பேரைத்தான் பதிய முடிந்தது. மூன்றாமவரை டிசம்பரில் பார்ப்பதாக இருந்தேன், அவர் நவம்பரில் காலமாகிவிட்டார். மீதி மூவர் இருக்கிறார்கள். கூடவே வந்து ஒலிப்பதிவைப் பிடித்துக்கொள்ள ஒருவர் கிடைத்தால், இன்னும் ஓராண்டு பார்க்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

புதிய உறுப்பினர் பாரத்தில் இரண்டு கையொப்பக் கோடு போட்டிருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன்.