கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை: ஏற்காடு குழு உறுப்பினர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

காப்பித் தோட்ட வேலைக்குச் செல்லும் நம் சகோதரிகள் சிலர், உறவுக்குப் பின் வரும் இரத்தக் கசிவையோ நாற்றமுள்ள வெள்ளைப்படுதலையோ வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, நோய் முற்றிய பிறகே 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு இறங்குகிறார்கள். அதற்குள் அவர்கள் கூலியும் போகிறது, துணைக்குச் செல்பவரின் கூலியும் போகிறது, இருக்கும் நகையும் அடகுக்குப் போகிறது.

இத்தனைக்கும் இது பெரும்பாலும் தடுக்கக்கூடிய நோய். பாப்பிலோமா என்ற, உடலுறவில் பரவும் வைரஸின் தொற்று நீங்காமல் தங்கிவிட்டால்தான் வருகிறது. புற்றாக மாறப் பொதுவாக 10 ஆண்டுகளுக்கு மேல் ஆவதால், இடையில் கண்டறிய நிறைய அவகாசம் உண்டு. கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை (வினிகரில் உள்ள அமிலம்) தடவிப் பார்க்கும் எளிய சோதனையும் உடனடிச் சிகிச்சையும் இந்நோய் இறப்புகளை 35 விழுக்காடு குறைத்ததை, திண்டுக்கல் மாவட்டப் பெண்களிடம் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே 30 வயதைக் கடந்த பெண்கள், எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், அரசு சுகாதார நிலையத்தில் இச்சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டுகிறேன். 9 முதல் 14 வயதுள்ள பெண் பிள்ளைகளுக்கான, இந்த வைரஸைத் தடுக்கும் தடுப்பூசி பற்றியும் அங்கேயே விசாரியுங்கள்.

தனியாகச் செல்லத் தயங்குவோர் குழுவில் எழுத வேண்டாம், எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். நான் உடன் வருகிறேன்.