சேதுவுக்கு, நங்கநல்லூரிலிருந்து

அன்புள்ள சேது,

உன் கடிதம் வந்தது. அச்சகத்தை மூடிவிட்டார்கள் என்று படித்ததும் சங்கடமாக இருந்தது. ஆனால் அடுத்த வரியிலேயே "அந்த ஆன்லைன் வேலையெல்லாம் எப்படிடா?" என்று கேட்டிருந்தாய் பார், அதுதான் நீ. இங்கே எல்லாரும் சௌக்கியம். மடிப்பாக்கம் பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் வண்டியை வெளியே எடுத்தாலே எரிச்சல்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதில் ரெண்டு விதம். ஃபைவர் என்ற வலைத்தளத்தில் நாம் கடை விரிக்கவேண்டும், இன்ன வேலை, இன்ன விலை, இத்தனை நாள் என்று போட்டு வைத்தால் வேண்டியவர் வந்து ஆர்டர் போடுவார். 2010-ல் ஆரம்பிக்கும்போது அஞ்சு டாலர் வேலைகள்தான் அங்கே பிரபலம். அப்வொர்க், ஃப்ரீலான்சர் டாட் காம் போன்ற தளங்கள் தலைகீழ். வேலை வேண்டியவர் தன் தேவையை எழுதிப் போடுவார், நாம்தான் போய் விண்ணப்பிக்கவேண்டும். நீ கேட்டது இந்த ரெண்டாவது. ஈலான்ஸ், ஓடெஸ்க் என்று நம் மேன்ஷன் காலத்தில் பேசிக்கொள்வோமே, அவை ரெண்டும் ஒன்றாகி 2015-ல் அப்வொர்க் என்று பெயர் மாறின.

காலையில் முக்குரோட்டில் கொத்தனாரும் சித்தாளும் மேஸ்திரிக்காக நிற்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அப்வொர்க்கில் கையைத் தூக்குவதற்கே காசு. விண்ணப்பிக்க கனெக்ட்ஸ் என்று டோக்கன் மாதிரி வாங்கவேண்டும், ஒன்று 15 சென்ட். ஒரு விண்ணப்பத்துக்கு 16 கனெக்ட்ஸ் கேட்டால் 2.40 டாலர். அப்படிப் பத்து வேலைக்குப் போட்டால் 24 டாலர், நம் காசில் ரெண்டாயிரத்தைத் தாண்டும், ஒருத்தரும் திரும்பிப் பார்க்காவிட்டால் போனது போனதுதான். அதனால் விலையைக் குறைத்துக் குறைத்துக் கேட்பதில் ஒன்றும் இல்லை சேது, எதற்குப் போடுகிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் பிழைப்பே இருக்கிறது.

நேற்று ராத்திரி வந்த வேலை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு உணவகத்தின் மெனு கார்டைத் தமிழில் மாற்றி அச்சுக்குத் தயாராகக் கொடுக்கவேண்டும், 120 டாலர். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஓரத்தில் வேலை போட்ட ஆளின் ஜாதகமே இருக்கும், அதைப் படிக்கவேண்டும்: பேமென்ட் வெரிஃபை ஆகியிருக்கிறதா, இதுவரை எத்தனை வேலை போட்டார், அதில் எத்தனைக்கு ஆள் எடுத்தார், மொத்தம் எவ்வளவு செலவழித்தார். இவர் முப்பது வேலை போட்டு நாலுக்குத்தான் ஆள் எடுத்திருக்கிறார், விண்ணப்பமோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. விட்டுவிட்டேன். அதற்குக் கீழே இன்னொன்று, ஒரு பழைய தமிழ்ப் புத்தகத்தின் ஸ்கேனைப் பார்த்து யூனிகோடில், அதாவது இப்போது எல்லா கம்ப்யூட்டரிலும் ஓடும் பொது எழுத்து முறையில், அடிக்கவேண்டும், 40 டாலர்தான். ஆனால் போட்ட ஏழு வேலைக்கும் ஆள் எடுத்தவர், விண்ணப்பம் அஞ்சுகூட வரவில்லை. அதற்குப் போட்டேன்.

விண்ணப்பங்களின் வரிசையில் நாம் எழுதியதில் முதல் ரெண்டு வரிதான் வேலை கொடுப்பவர் கண்ணில் படும். அங்கே போய் "எனக்கு இருபது வருட அனுபவம்" என்று ஆரம்பித்தால் தாண்டிப் போய்விடுவார். "உங்கள் ஸ்கேனில் பதினாலாம் பக்கத்தில் கீழ்ப்பாதி மங்கியிருக்கிறதே, வேறு பிரதி இருக்கிறதா?" என்று கேள், உடனே பதில் வரும். பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் அடித்த ஃபைலை யூனிகோடுக்கு மாற்றினால் எந்த எழுத்து உடையும் என்று உனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியுமே, அதைத்தான் விற்கவேண்டும். சும்மா 'டைப்பிங்' என்று போட்டுக்கொண்டால் உலகமே உனக்குப் போட்டி.

பணம் வருமா என்று கேட்டிருந்தாய். மொத்தமாகப் பேசிய வேலை என்றால் அவர் முதலில் பணத்தை எஸ்க்ரோவில், அதாவது நடுவில் பிடித்துவைக்கும் கணக்கில், கட்டவேண்டும், கட்டும்வரை ஃபைலைத் தொடாதே. வேலையை ஒப்படைத்தபின் அவர் 14 நாள் வாயே திறக்காவிட்டாலும் பணம் தானாக விடுபடும், அதற்குமேல் அஞ்சு நாள் காத்திருப்பு. மணிக்கணக்கு வேலையில் ஒரு ஆப் ஓடிக்கொண்டே இருக்கும், பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை உன் ஸ்கிரீனைப் படம் பிடித்து அவருக்குக் காட்டும், நீ நடுவில் ஸ்கோர் பார்த்தால் அதுவும் போகும், எனக்கு அது ஒத்துவரவில்லை. அப்வொர்க் நம்மிடம் பிடிக்கும் கமிஷன் முன்பு 10 சதவீதமாக இருந்தது, 2025 மே முதல் புது ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 வரை வேலைக்கு வேலை மாறுகிறது. விண்ணப்பிக்கும்போதே எவ்வளவு என்று காட்டிவிடும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. எடுத்ததுமே "வாங்க, வேற ஆப்பில் பேசலாம்" என்பவன், "டெபாசிட் கட்டுங்க, வேலை தர்றேன்" என்பவன், ரெண்டு பேரும் திருடர்கள். எங்கள் மாடி வீட்டுப் பையன் இப்படி எட்டாயிரம் கொடுத்துவிட்டு வந்து நின்றான். நல்ல கிளையன்ட்டாகவே இருந்தாலும், அங்கே அறிமுகமானவரிடம் ரெண்டு வருஷத்துக்கு வெளியே பணம் வாங்கக்கூடாது என்பது அப்வொர்க் விதி, மீறினால் கணக்கையே முடக்கிவிடுவார்கள். ஜிஎஸ்டி பற்றிக் கேட்டிருந்தாயே, வருஷத்துக்கு 20 லட்சம் வரட்டும், அப்புறம் கவலைப்படலாம்!

பான் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் உன் பெயரின் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பார். புரொஃபைலைத் தமிழிலேயே எழுதி அனுப்பு, இங்கிலீஷில் நான் சரிபண்ணித் தருகிறேன். மைனி முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
ரமணி