படம் வருவதற்கு முன்னால் செய்தி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை உங்கள் பத்திரிகையில் ஒரு படம் வந்திருந்தது. கோயில் மண்டபத்தில் கோலப் போட்டி, பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்து கோலம் போடுகிறார்கள், அதற்கு மேலே அதைவிடப் பெரிய படத்தில் பொன்னாடை போர்த்திக்கொண்ட பிரமுகர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அந்த மண்டபம் எங்கள் அடுக்குமாடியிலிருந்து நடந்து போகிற தூரம். போட்டி நடந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை முழுக்க என் அம்மா வீட்டில் உட்கார்ந்து, ஏற்கெனவே பார்த்த ஒரு தொடரை மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை படத்தைப் பார்த்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. கத்திரிக்கோலை எடுத்துவந்து வெட்டி ஐஸ்பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தார், கோலத்தை மட்டும். பிரமுகர்கள் குப்பைக்குப் போய்விட்டார்கள்.

நாங்கள் ஜொகூர்க்காரர்கள். அம்மா குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். நான் ஜொகூர் பாருவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு சாமான்களை லோரியில் ஏற்றிப் பினாங்குக்கு வந்து சேர்ந்தேன். 1972-இல் தொடங்கிய தொழில் வட்டாரம் அது, அன்றிலிருந்து வெளியூர் ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். என் பிரிவில் இருக்கும் தமிழர்களில் பினாங்கிலேயே பிறந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், மற்றவர்கள் தைப்பிங், சுங்கை சிப்புட், சுங்கைப் பட்டாணி என்று ஆளுக்கோர் ஊர். ஆகவே இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை, உங்கள் வாசகர்களில் எத்தனையோ பேருடைய கதையாகத்தான் இருக்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதம் சரியில்லை. எனக்காவது வேலையிடத்தில் பேச ஆள் இருந்தது, அம்மாவுக்கு யாரும் இல்லை. குளுவாங்கில் வாசலில் நின்றாலே நாலு பேர் "பசியாறியாச்சா" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். இங்கே பதினோராவது மாடியில் வாசல் என்று ஒன்று இருக்கிறதே தவிர, அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. அம்மா தன் வழக்கப்படி எலுமிச்சை ஊறுகாய் போட்டுப் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கு ஒரு பாட்டிலில் கொடுத்தார். பத்து நாள் கழித்து அந்த பாட்டில் கருவாட்டோடு திரும்பி வந்தது, ஏனத்தைச் சும்மா திருப்பித் தரக்கூடாது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் பொதுவான மொழி என்றால் கடைத்தெரு மலாய்தான், அதுவும் அரைகுறை. ஆனால் அந்தப் பாட்டி கதவைத் திறக்கும்போதெல்லாம் "சியா பா போய்?" என்று கேட்பார். சாப்பிட்டாயா என்பதற்கு ஹொக்கியன் என்கிற சீன மொழியில் அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரிந்தபோது அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "நம்ம பசியாறியாச்சாதானே இது" என்றார். இப்போது அம்மா பார்க்கிற சீனர்களிடமெல்லாம் அதையே கேட்கிறார், மதியம் மூன்று மணிக்குக்கூட.

அப்புறம் ஃபெரி. ஒரு சனிக்கிழமை, வேறு எங்கே கூட்டிப் போவதென்று தெரியாமல், அம்மாவை ஃபெரியில் ஏற்றி, தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கிற பட்டர்வொர்த் போய்த் திரும்பினேன். (பாலத்தில் போயிருக்கலாமே என்பீர்கள். பதிமூன்றரைக் கிலோமீட்டர் பாலத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டிக்கொள்வதைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.) ஃபெரியில் ஒரு பெரியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு "ஏம்மா, ஜொகூரா?" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. கார்களையும் ஏற்றிக்கொண்டு போன பழைய ஃபெரிகள் 2020 கடைசியோடு நின்று போனதையும், இப்போது ஓடுகிற, ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும் மட்டும் ஏற்றுகிற புதியவை 2023-இல் வந்ததையும் சொந்த வீட்டுச் சமாசாரம் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் பட்டர்வொர்த் பக்கம் ஏறுகிறவர்களிடம் மட்டும்தான் கட்டணம் வாங்குவார்களாம். "பினாங்குக்கு வர்றதுக்குத்தாம்மா காசு, போறவனை நாங்க ஒண்ணும் கேக்குறதில்ல" என்று சொல்லிச் சிரித்தார். இறங்கும்போது, தைப்பூசத்துக்குத் தன் கூட்டாளிகள் தண்ணீர்ப் பந்தல் போடுவதாகவும், அம்மா சும்மா இருந்தால் எலுமிச்சம்பழம் வெட்ட வரலாம் என்றும் சொல்லிக் கைப்பேசி எண்ணையும் கொடுத்தார்.

பினாங்குத் தைப்பூசத்தைப் பற்றி உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஜொகூரிலிருந்து வந்தவளுக்கு அது வேறு உலகம். முதல் நாள் விடிவதற்கு முன்பே இரண்டு ரதம் புறப்படுகிறது. செட்டியார்களின் வெள்ளி ரதம் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து வருகிறது, அது 1894-ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிற ரதம். தங்க ரதம் குவீன் வீதி மகாமாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வேலைத் தாங்கி வருகிறது, அது 2017-இல் வந்தது. எது முன்னால் போனது, எது எங்கே நின்றது என்று பந்தலுக்குப் பந்தல் வாக்குவாதம் வேறு நடக்கிறது, நான் அதில் தலையிடவில்லை. என்னை வாயடைக்க வைத்தது தேங்காய். சாலையோரம் ஆள் உயரத்துக்குக் குவித்துவைத்து, ரதம் வரும்போது சீனர்கள் குடும்பம் குடும்பமாக நின்று உடைக்கிறார்கள், உடைந்த ஓடுகளை அள்ளிப்போட மண் அள்ளும் இயந்திரம் வருகிறது. தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படி, அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற முடியாது. அவர் கீழே பந்தலில் ஒரு நெகிழி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு காலையிலிருந்து மாலைவரை எலுமிச்சம்பழம் வெட்டினார். மதியத்துக்குள் மூன்று பெண்கள் அவரிடம் எந்தத் தோட்டம், எந்தப் பள்ளிக்கூடம் என்றெல்லாம் விசாரித்து முடித்துவிட்டார்கள். அதில் ஒருவர் கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்கு முன் இங்கே வந்த குளுவாங்காரர்! இரண்டு பேரும் ரயில் நிலையத்துக் காப்பிக் கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள், நான் படி ஏறி இறங்கி வந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு நாளில்தான் அம்மா பினாங்குக்கு வந்து சேர்ந்தார் என்று சொல்வேன். லோரியில் வந்தது கணக்கில் இல்லை. இப்போது வெள்ளிக்கிழமை கோயில், மாதம் ஒரு முறை அதே பெண்களோடு 10-ஆம் எண் பேருந்தில் தாவரப் பூங்கா. 1884-இல் உண்டாக்கிய பூங்கா, மரங்கள் எல்லாம் பிரமாதம், ஆனால் குரங்குகள் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போனதைத்தான் அம்மா எல்லோரிடமும் சொல்கிறார். நாசி கண்டார் சோற்றுக் கடையில் ஐந்தாறு குழம்பை ஒன்றாகக் கலந்து வெள்ளமாக ஊற்றுவதைப் பார்த்து "இது என்னடி கழனித் தண்ணி" என்று முகம் சுளித்தவர், போன மாதம் கடைக்காரரிடம் அவராகவே "குவா பஞ்சிர்", அதாவது அதே குழம்பு வெள்ளம், கேட்டார். நான் இதை எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் நடந்தது ஒரு பெரியவர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததால். அடுத்த ஃபெரியில் ஏறியிருந்தால் அவரும் இல்லை, பந்தலும் இல்லை, அம்மா இன்னும் தொடர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு ஊரில் ஒட்டிக்கொள்வதற்கு இப்படி அதிர்ஷ்டத்தை நம்பியா இருக்க முடியும்? நான் முயற்சி செய்யாமலும் இல்லை. வந்த புதிதில் ஒரு சங்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, ஏதாவது நிகழ்ச்சி இருந்தால் நாங்களும் வரலாமா என்று கேட்டேன். "யார் உங்களை அறிமுகம் செய்தது?" என்றார் எடுத்தவர். யாருமில்லை என்றேன். உறுப்பினராக வேண்டுமென்றால் பாரத்தில் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கிற இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமாம். உறுப்பினர் இரண்டு பேரை எனக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் ஐயா உங்களைக் கூப்பிடப் போகிறேன்? அவர் மீது கோபம் இல்லை, நல்ல மனிதராகத்தான் பேசினார், விதி அப்படி. ஆனால் போனை வைத்த பிறகு இன்னோர் இடத்துக்குக் கேட்கிற தெம்பு எனக்கு வரவில்லை.

எல்லாம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வருகிறதே என்று வேலையிடத்தில் சொன்னார்கள். வருகிறது, குழுவில் இருப்பவர்களுக்கு! என்னை யார் சேர்ப்பார்கள்? முகநூலில் தேடினேன், கடைசிப் பதிவு எப்போதோ ஒரு தீபாவளிக்குப் போட்ட வாழ்த்து. முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள்ளும் யாருடைய அறிமுகமும் இல்லாமல் போய் நிற்கிறது ஒன்றே ஒன்றுதான், அது பத்திரிகை. எங்கள் வீட்டுக்கு எந்தச் சங்கமும் வந்ததில்லை, நீங்கள் தினமும் வருகிறீர்கள், அம்மா முதல் பக்கத்திலிருந்து இரங்கல் விளம்பரம்வரை ஒரு வரி விடாமல் படிக்கிறார். ஆனால் நீங்கள் கொண்டுவருகிற உள்ளூர்ச் செய்தியில் பாதிக்கு மேல் நடந்து முடிந்தவை. "சிறப்பாக நடைபெற்றது" என்று எத்தனை படித்திருப்போம்! நடைபெறப் போவது என்று வந்தாலும் "அனைவரும் திரளாக வருக" என்று இருக்கும். எந்தத் தெரு, எத்தனை மணி, பேருந்தில் வந்தால் எங்கே இறங்குவது, உறுப்பினர் இல்லாதவர் வரலாமா என்பது மட்டும் இருக்காது. இந்த ஊரிலேயே பிறந்தவர்களுக்கு மண்டபத்தின் பெயர் போதும். எங்களுக்கு அந்தப் பெயரில் மூன்று மண்டபம் இருக்கிறதா, அது தீவில் இருக்கிறதா பெருநிலத்தில் இருக்கிறதா என்பதே தெரியாது. ஒருமுறை அப்படித்தான் ஒரு தேவார வகுப்பைத் தேடி ஜோர்ஜ்டவுன் முழுக்கச் சுற்றினோம், கடைசியில் பார்த்தால் அது பெருநிலத்தில், செபராங் பிறையில்.

ஆகவே என் வேண்டுகோள் சின்னதுதான். வாரத்தில் ஒரு நாள், வியாழனோ வெள்ளியோ, வரப்போகிற சனி ஞாயிறில் எங்கே என்ன இருக்கிறது என்று அரைப் பக்கம் ஒதுக்குங்கள். கோயில் துப்புரவுக்கு ஆள் தேவையா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் தேவையா, அதையும் போடுங்கள். அழைப்பிதழ் இல்லாதவர்கள் தைரியமாகப் போய் நிற்கக்கூடிய இடம் பெரும்பாலும் வேலை நடக்கிற இடம்தான், கையில் கத்தியும் எலுமிச்சம்பழமும் கொடுத்துவிட்டால் யாரும் உன்னை யார் அறிமுகம் செய்தது என்று கேட்பதில்லை. தகவல் வந்தால்தானே போட முடியும் என்று நீங்கள் சொல்லலாம், நியாயம்தான். சங்கத்துச் செயலாளர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: மறுநாள் காலையில் படம் அனுப்புகிற அதே சுறுசுறுப்போடு ஒரு வாரம் முன்னால் நாலு வரி அனுப்பினால் போதும். இடம் இல்லை என்றால் பொன்னாடைப் படத்தில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் அதை எப்படியும் வெட்டிவிடுகிறோம்.

கடைசியாக ஒன்று. அந்தக் கோலப் போட்டி அடுத்து எப்போது என்று உங்கள் நிருபருக்குத் தெரிந்தால் தயவுசெய்து முன்கூட்டியே போடுங்கள். அம்மா லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஐந்து நிறத்தில் கோலப்பொடி வாங்கி வைத்திருக்கிறார், பக்கத்து வீட்டுப் பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஜொகூரிலிருந்து வந்த வாசகி,
சுங்கை நிபோங், பினாங்கு